கணினிக்கு முன்னால் முள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பரணிலும் மரப்பெட்டியிலும் இன்று மிச்சமிருக்கும் ரெக்கார்டுகளில் பெரும்பகுதி இரண்டு பேர் கைபட்டவை. ஒருவர் மைக்செட்காரர், மற்றவர் ரெக்கார்டிங் கடைக்காரர். கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோயில் பொங்கல், ஆடிப்பூரம் என்று எது வந்தாலும் முதல் நாளே வேப்பமரத்தில் குழாய் ஏறிவிடும். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டு, டி.எம்.எஸ்.ஸின் முருகன் பாட்டு, அப்புறம் சினிமா, ராத்திரி ஊர் அடங்கியதும் 'திருவிளையாடல்' கதை வசனம் என்று தட்டு மாறிக்கொண்டே இருக்கும். ரெக்கார்டிங் கடை 1980களின் சங்கதி. நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, வெற்று கேசட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தால், கடைக்காரர் எல்.பி.யிலிருந்து ஒவ்வொரு பாட்டாக எடுத்து கேசட்டின் இரண்டு பக்கத்தையும் நிரப்பி வைத்திருப்பார்.

ஆக, தட்டிலிருந்து வேறொன்றுக்குப் பாட்டை மாற்றுவது இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. அன்றைக்குக் கேசட், இன்றைக்குக் கணினி. வீட்டில் பழைய ரெக்கார்டு வைத்திருப்பவர்கள் இப்போது கேட்பதெல்லாம் எந்த சாஃப்ட்வேர் நல்லது, எம்.பி.3-ஆகச் சேமிக்கலாமா, வேவ் கோப்பாகவே வைக்கலாமா என்பதுதான். இவை கடைசியில் கேட்க வேண்டிய கேள்விகள். பதிவின் தரத்தில் பெரும்பங்கு, சத்தம் கம்பிக்குள் நுழைவதற்கு முன்பே, முள் தட்டைத் தொடும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. அங்கே தவறவிட்டதை எந்தச் சாஃப்ட்வேரும் திருப்பிக் கொண்டுவராது.

எல்.பி. ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளம். விளிம்பில் தொடங்கிச் சுருண்டு சுருண்டு நடுவுக்கு வருகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் 20 நிமிடம் ஓடும் பக்கத்தில் ஏறத்தாழ 667 சுற்று. பிரித்து நீட்டினால் 430 மீட்டர் வரும். ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. கீறல் விழுந்த எல்.பி. திரும்பத் திரும்பச் சொல்லும் துண்டு, யார் பாடினாலும், எந்தப் பாட்டானாலும், அதே 1.8 வினாடி நீளம்தான் இருக்கும். முள் ஒரு வளையம் பின்னுக்குத் தாவி, மறுபடி அதே கீறலுக்கு வந்து சேர அவ்வளவு நேரம் ஆகிறது.

பாடியவர் குரல் காற்றை எப்படி அசைத்ததோ அந்த அசைவு பள்ளத்தின் சுவரில் நெளிவாகப் பதிந்திருக்கிறது. முள் அந்த நெளிவில் ஓடுகிறது. தட்டு சுற்றும் வேகம் மாறாவிட்டாலும் முள்ளின் கீழே பள்ளம் ஓடும் வேகம் மாறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விளிம்பில் வினாடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர்; லேபிளுக்குப் பக்கத்தில் 21 சென்டிமீட்டர். 'ச', 'ஷ' போன்ற ஒலிகளில் 10,000 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வுகள் உண்டு. அப்படி ஓர் அலை விளிம்பில் 51 மைக்ரான் இடத்தில் தாராளமாகப் படுத்திருக்கிறது. உள்ளே வரவர அதே அலை 21 மைக்ரானுக்குள் நெருக்கப்படுகிறது. சாதாரண உருண்டை முள்ளின் நுனி ஆரம் சுமார் 18 மைக்ரான். அந்த நுனி அவ்வளவு குறுகிய வளைவுக்குள் இறங்க முடியாமல் மேலோட்டமாகத் தேய்த்துக்கொண்டு போகிறது. எல்.பி.யின் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு கரகரப்பதற்கும், பாடகியின் 'ஸ' சீறுவதற்கும் இதுவே காரணம். நீள்வட்ட நுனி கொண்ட முள் பக்கவாட்டில் இன்னும் மெல்லியது. உள்வளையங்களை அது நன்றாகவே படிக்கும். டிஜிட்டலாக்கப் பணம் ஒதுக்குகிறவர் முதல் செலவைக் கணினிக்குச் செய்யாமல் இந்த முள்ளுக்குச் செய்யலாம்.

முள்ளுக்கும் ஆயுள் உண்டு. வைர முள் பொதுவாக 500 முதல் 1,000 மணி நேரம் தாங்கும் என்பார்கள். 500 மணி நேரத்தில் அது பள்ளத்தில் ஓடும் தூரம் ஏறக்குறைய 650 கிலோமீட்டர். செங்கோட்டையில் புறப்பட்டு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் பொதிகை எக்ஸ்பிரஸ் சென்னைக்குப் போகிற தூரம் அது. பழைய மைக்செட் பிளேயர்களில் இருந்தது பெரும்பாலும் நீலக்கல் முள். அதன் ஆயுள் வைரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். தேய்ந்த நுனி பட்டையாகி, ஓரம் கூர்மையாகி, பள்ளத்தின் சுவரைச் செதுக்கத் தொடங்கும். சீசனில் ராப்பகலாக ஓடிய செட்டில் முள் மாற்ற யாருக்கு நேரம்? ஊரே கேட்க விரும்பிய தட்டு எதுவோ அதுதான் இன்று அதிகம் சிதைந்து கிடக்கிறது.

ஆனால் அந்தச் சிதைவு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. ஸ்டீரியோ பள்ளத்தின் இரண்டு சுவர்களும் 45 பாகைச் சரிவில் நிற்பவை. நடுவை ஒட்டிய உட்சுவரில் இடது சானல், வெளிச்சுவரில் வலது சானல். 1931-இல் பொறியாளர் ஆலன் புளூம்லைன் காப்புரிமை எடுத்த யோசனை இது. 1950களின் கடைசியில்தான் கடைக்கு வந்தது. தட்டு சுழலும்போது உராய்வு முள்ளுள்ள கையை நடுப்பக்கம் இழுக்கும். அந்த இழுப்பை ஈடுகட்டும் ஏற்பாடு நல்ல டர்ன்டேபிள்களில் இருக்கும். மைக்செட் பிளேயரில் கிடையாது. விளைவு, முள் உட்சுவரிலேயே அதிகம் சாய்ந்து ஓடி அதையே அதிகம் தேய்த்திருக்கும். தமிழ்ப் படப்பாட்டுத் தட்டுகள் 1970களின் பிற்பகுதி வரை பெரும்பாலும் மோனோ. மோனோ தட்டில் இரண்டு சுவரிலும் ஒரே பாட்டுத்தான் எழுதியிருக்கிறது. ஒரு சுவர் போனாலும் மற்றது உயிரோடு இருக்கலாம்.

அதனால் மோனோ ரெக்கார்டையும் ஸ்டீரியோ காட்ரிஜில் (முள் பொருந்தியிருக்கும் பகுதி அது) ஓட்டி, இரண்டு சானலாகவே பதிய வேண்டும். பதிந்த பிறகு ஒவ்வொரு சானலையும் தனியாகக் கேட்டுப் பார்க்கலாம். வலது சானல் தெளிவாக இருந்தால் இடதை ஒதுக்கிவிடலாம். இரண்டும் ஒரே தரம் என்றால் கூட்டிவிடலாம். அப்படிக் கூட்டும்போது ஓர் இலவச லாபமும் கிடைக்கிறது. மோனோ பள்ளத்தில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. தூசியோ முள்ளைப் பக்கவாட்டிலும் தள்ளும், மேலும் கீழும் தூக்கியும் போடும். இரண்டு சானலையும் கூட்டினால் மேல்கீழ் அசைவு ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, இரைச்சலில் ஒரு பங்கு தானாகவே காணாமல் போகும். பாட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. நான் அறிந்தவரை, காசு கொடுத்து வாங்கும் எந்த இரைச்சல் நீக்கியும் இவ்வளவு நேர்மையாக வேலை செய்வதில்லை.

அடுத்தது வேகம். மேற்கத்திய இசைக்காரர்களைவிட நமக்கு இது முக்கியம் என்பேன். கச்சேரிக்காரர் எத்தனை கட்டையில் பாடினார் என்பது நம் ரசிகர்களுக்குப் பெரிய விஷயம். செங்கோட்டைக்காரரான எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலை, அவர் 1933-இல் மறைந்துவிட்ட பிறகு, தட்டுகள்தான் சுமந்து வந்தன. அவர் சுருதி என்ன என்று தட்டைக் கேட்டுச் சொல்ல வேண்டுமானால் தட்டு சரியான வேகத்தில் சுழல வேண்டும். அரைக் கட்டை என்பது அதிர்வெண்ணில் கிட்டத்தட்ட 6 சதவீதம். தட்டு 3 சதவீதம் மெதுவாக ஓடினால் சுருதி கால் கட்டை இறங்கிவிடும். பாட்டும் அந்த அளவு இழுத்துக்கொண்டு போகும். 'எழுபத்தெட்டு' என்று நாம் சொல்லும் அரக்குத் தட்டுகளில் இன்னொரு சிக்கல், அந்த 78-ஐ எல்லாக் கம்பெனியும் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி கடைப்பிடிக்கவில்லை.

கேசட் காலத்துப் பதிவுகளில் பலவற்றில் சுருதி இறங்கியிருப்பதற்கு மின்சாரமும் ஒரு காரணமாக இருக்கலாம். குவார்ட்ஸ் கட்டுப்பாடு இல்லாத பழைய டர்ன்டேபிள்களின் ஏ.சி. மோட்டார், மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றியே சுழலும். அது 50 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டும். 1990களில் தென்னக மின்தொகுப்பில், தேவை ஏறும் நேரங்களில், 49-க்கும் கீழே இறங்குவது சாதாரணமாக நடந்தது. 48.5 ஹெர்ட்ஸ் என்றால் 3 சதவீதக் குறைவு, அதாவது மேலே சொன்ன கால் கட்டை. கேசட் டெக்கின் டி.சி. மோட்டார் அதே நேரத்தில் சரியான வேகத்தில் ஓடி, இறங்கிய சுருதியை அப்படியே பதிந்து வைத்துவிடும். வோல்டேஜ் குறைந்தால் ஸ்டெபிலைசர் தூக்கிவிடும். அதிர்வெண் குறைந்தால் அதால் ஒன்றும் செய்ய முடியாது. 2003-இல் மின்கட்டண முறை மாறியதும் நிலைமை தேறியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாகத் தென்னகத் தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்தது. இன்று அதிர்வெண் 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. ராஜபாளையத்தில் உட்கார்ந்து பழைய டர்ன்டேபிளில் ரெக்கார்டு பதிய 1995-ஐவிட இப்போது நல்ல காலம்.

வேகத்தைச் சரிபார்க்கக் கருவி வேண்டியதில்லை. எல்.பி. ரெக்கார்டின் ஓரத்தில் சின்னத் துண்டுத் தாளை ஒட்டி, முள்ளைத் தட்டில் வைத்து, நூறு சுற்று எண்ணுங்கள். சரியாக மூன்று நிமிடம் ஆக வேண்டும். முள்ளை வைத்தே எண்ண வேண்டும். அதன் இழுப்பும் கணக்கில் சேர்ந்தது. ஸ்ட்ரோப் அட்டை கிடைத்தால் இன்னும் நல்லது: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு வினாடிக்கு 100 முறை மினுங்குகிறது என்பதால் 180 கோடுள்ள வட்டம் 33⅓ வேகத்தில் அசையாமல் நிற்பதாகத் தெரியும். பழைய சோக் வைத்த டியூப்லைட்டில் பார்க்க வேண்டும், இன்றைய எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் மினுக்கு போதாது. வேகத்தில் மாறாத பிழை இருந்தால் பிறகு கணினியிலும் திருத்தலாம். அப்போது சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொடாமல், சுருதியும் வேகமும் சேர்ந்து மாறும் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

நடுத்துளை தள்ளிப்போன தட்டு வேறு வகைத் தொல்லை. துளை அரை மில்லிமீட்டர் விலகினாலே, லேபிளை ஒட்டிய வளையங்களில் வேகம் ஒவ்வொரு 1.8 வினாடிக்கும் 0.8 சதவீதம் ஏறி இறங்கும். சினிமாப் பாட்டில் தெரியாமல் போகலாம். தம்பூராவிலும், நாகஸ்வரக்காரர் மூச்சடக்கி நிறுத்தும் நீண்ட ஸ்வரத்திலும் அப்பட்டமாகத் தெரியும். கமகமே இல்லாத இடத்தில் ஒரு சோம்பலான கமகம் கேட்கும்.

இனி மின்சாரப் பக்கம். காந்தக் காட்ரிஜிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட், அதுவும் பாட்டு பலமாக இருக்கும்போது. கணினிக்கு அனுப்பும் அளவுக்கு அதை நூறு மடங்கு பெருக்க வேண்டும். வெறுமனே பெருக்கினால் பாட்டு தகரம்போலக் கிணுகிணுக்கும். பதியும்போதே கீழ்ச்சுருதியை அடக்கி, மேல்சுருதியை உயர்த்தி வெட்டியிருப்பதுதான் காரணம். மிருதங்கத்தின் தொப்பியை உள்ளபடி வெட்டினால் பள்ளம் பக்கத்துப் பள்ளத்துக்குள் போய்விடும், ஒரு பக்கத்தில் பத்து நிமிடம்கூட அடங்காது. மேல்சுருதியை உயர்த்தி வெட்டினால், வாசிக்கும்போது அதைத் திரும்ப இறக்குகையில் தட்டின் இரைச்சலும் கூடவே இறங்கும். எவ்வளவு அடக்குவது, எவ்வளவு உயர்த்துவது என்று கம்பெனிக்கு ஒரு வழக்கமாக இருந்ததை 1954-இல் அமெரிக்க ரெக்கார்டிங் சங்கம் ஒரே வளைவாக்கியது. ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்பது அதுதான். 20 ஹெர்ட்ஸுக்கும் 20,000 ஹெர்ட்ஸுக்கும் இடையே மொத்தம் 40 டெசிபல் வித்தியாசம். ஃபோனோ ப்ரீஆம்ப்ளிஃபயர் இந்த வளைவைத் தலைகீழாகப் போட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. யு.எஸ்.பி. வைத்த டர்ன்டேபிள்களில் இது உள்ளேயே இருக்கும்; மற்றவற்றில் ஆம்ப்ளிஃபயரின் 'ஃபோனோ' துளையில் செருகுவதன் பொருள் இதுவே.

கீழ்ச்சுருதியைத் திரும்ப உயர்த்துவதில் ஓர் ஆபத்தும் கூடவே வருகிறது. 50 ஹெர்ட்ஸில் இந்த வளைவு ஏழு மடங்கு கூடுதலாகத் தூக்குகிறது. ஆக, காட்ரிஜ் கம்பியில் ஏறிக்கொள்ளும் வீட்டு மின்சாரத்தின் 'உம்ம்' எழுநூறு மடங்கு பெருகிப் பதிவில் போய் உட்காரும். டர்ன்டேபிளின் எர்த் கம்பியை ஆம்ப்ளிஃபயரில் முடுக்க வேண்டும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்ட வேண்டும். ஸ்டெபிலைசர் பக்கத்தில் இருக்கக் கூடாது. கரண்ட் போய் இன்வர்ட்டர் ஓடும்போது பதிவதைத் தள்ளிவைப்பது நல்லது. மலிவான இன்வர்ட்டர் தருவது சதுர அலை, அதில் 50-இன் ஒற்றைப்படை மடங்குகள் அத்தனையும் ரீங்காரமிடும். வீடு திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தால் லாரிக்கும் பயப்பட வேண்டும். டர்ன்டேபிள் கையின் இயல்பதிர்வு 10 ஹெர்ட்ஸை ஒட்டியது. தரை வழியாக வரும் அதிர்வு அதைத் தூண்டிவிடும். கடப்பாக்கல் பலகை ஒன்றைச் சுவரில் பதித்து அதன்மேல் டர்ன்டேபிளை வைப்பவர்கள் விவரமானவர்கள். பதியும்போது ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேட்பதும் அதே காரணத்துக்காக.

கழுவுவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நூற்பாலை ஊரில் பஞ்சுத் தூசு எங்கும் உண்டு. பி.வி.சி. தட்டு உறையிலிருந்து வெளியே வரும்போதே நிலைமின்சாரம் ஏறி அந்தத் தூசை இழுத்துக்கொள்ளும். கைக்குக் கிடைத்தது என்று சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியால் துடைக்க வேண்டாம். காயத்துக்கு அருமையான துணிதான், ஆனால் அதன் தளர்ந்த நெசவிலிருந்து வரும் பிசிறு பள்ளத்துக்குள் சிக்கும். மைக்ரோஃபைபர் துணியும் மெல்லிய தூரிகையும் போதும். போர்வெல் தண்ணீர் கூடாது; காய்ந்ததும் உப்பு பள்ளத்தில் தங்கி, ஒவ்வொரு படிகமும் ஒரு 'டக்' ஆகும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எந்த ஊரிலும் கிடைக்கிறது. வாசனையில்லாத சோப்புத் திரவம் ஒரு சொட்டு சேர்த்து, பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் தேய்த்து, பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்த வேண்டும். ஐப்பசி அடைமழையில் பூஞ்சை பிடித்த தட்டு இருமுறை கழுவினால்தான் தேறும். வெயிலில் காயவைப்பது தற்கொலை. பி.வி.சி. 60, 70 டிகிரியிலேயே இளகி வளைந்துவிடும். சித்திரை மாத மொட்டைமாடி தகரக் கொட்டகை அதற்குப் போதும்.

எழுபத்தெட்டுகளுக்கு வேறு சட்டம். அவை பிளாஸ்டிக் அல்ல; அரக்கும் கல்மாவும் கரியும் சேர்ந்தவை, உறுதிக்குப் பஞ்சு இழையும் கலந்திருப்பார்கள். ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும். எல்.பி. முள்ளை அவற்றில் வைத்தால் அகன்ற பள்ளத்தின் அடியில் கிடந்து குப்பையைக் கிளறும். 70 மைக்ரானை ஒட்டிய நுனி தேவை. மற்ற நாடுகள் 1960வாக்கில் எழுபத்தெட்டை மூட்டைகட்டிய பிறகும் இந்தியாவில் சில ஆண்டுகள் அது வந்துகொண்டிருந்தது. பீட்டில்ஸ் பாட்டே இங்கே 78-இல் வந்து, இன்று உலகச் சேகரிப்பாளர்கள் தேடும் பொருளாகிவிட்டது.

இவ்வளவுக்கும் பிறகுதான் கணினி. இதில் எண்ணிக்கை மோகம் வேண்டாம். சி.டி.யின் 16 பிட் கொள்ளும் ஒலி வீச்சு 96 டெசிபல். நல்ல எல்.பி.யே 60, 70-ஐத் தாண்டுவது அரிது. வினாடிக்கு 44,100 மாதிரி எடுத்தால் மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸ் வரை முழுதாகப் பிடிபடும். அப்படியிருக்க ஒலிக்காப்பகங்கள் ஏன் 24 பிட், 96,000 மாதிரி என்று பதிகின்றன? இரண்டு காரணம். 24 பிட்டில் பதிந்தால் உச்ச அளவை எல்லைக்கு 10 டெசிபல் கீழேயே வைத்துக்கொள்ளலாம். எதிர்பாராத தவில் அடி மேலே முட்டி முகடு வெட்டுப்படாது. வெட்டுப்பட்ட முகடு திரும்பாது. இன்னொன்று, அதிக மாதிரி இருந்தால் கீறலின் 'டக்' கூர்மையாகத் தனித்துத் தெரியும், பிறகு அதைப் பிரித்தெடுப்பது எளிது. அந்த அளவில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 35 மெகாபைட். 40 நிமிட எல்.பி. ஒன்று 1.4 ஜிகாபைட். ஃபிளாக் வடிவில் சுருக்கினால் பெரும்பாலும் பாதிக்கு அருகே வரும், ஒரு பிட்டும் இழக்காது. அடாசிட்டி என்ற சாஃப்ட்வேர் இலவசம், 2000-இல் வந்தது, இந்த வேலைக்குத் தாராளம்.

இனிதான் பலர் பாட்டைக் கெடுக்கும் கட்டம். இரைச்சல் நீக்கி எப்படி வேலை செய்கிறது? பாட்டு இல்லாத ஓர் இடத்தைக் காட்டி, இதுதான் இரைச்சல் என்று சொல்லிக்கொடுக்கிறோம். அங்கே எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு பலத்தில் இடைவிடாமல் இருக்கிறதோ அதைப் பாட்டு முழுவதிலும் அது கழிக்கிறது. மேற்கத்திய சிம்பொனியில் பாட்டு தொடங்கும் முன் உண்மையிலேயே மௌனம் இருக்கும். நம் தட்டுகளில் அந்த இடத்தில் பெரும்பாலும் தம்பூரா ஓடிக்கொண்டிருக்கிறது. மாறாமல், நிற்காமல், ஒரே அதிர்வெண்களில் ஒலிப்பது எதுவோ அது இரைச்சல் என்பது சாஃப்ட்வேரின் இலக்கணம். தம்பூராவின் இலக்கணமும் அதுவே. எம்.எல். வசந்தகுமாரி பாடிய திருப்பாவையை எடுத்துக்கொள்ளுங்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்து, முதல் ஐந்து பாசுரங்களுக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று கன ராகங்களையே வரிசையாக வைத்தது. பாசுரத்துக்குப் பாசுரம் ராகம் மாறும்போது காதுக்குப் பிடிமானம் கீழே ஓடும் சுருதிதான். தம்பூரா கலந்த இடத்தை மாதிரியாகக் கொடுத்து இரைச்சலை நீக்கினால், குரல் அந்தரத்தில் தொங்கும். மாதிரி எடுப்பதென்றால் இரண்டு பாட்டுக்கு நடுவே உள்ள வெற்றுப் பள்ளத்தில் எடுக்க வேண்டும், அதிலும் மிதமாகக் கழிக்க வேண்டும்.

'டக்' நீக்கிக்கும் இதே குருட்டுத்தனம் உண்டு. திடீரென்று எழுந்து ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் அடங்கும் எதையும் அது கீறல் என்று நினைக்கும். 44,100 மாதிரிக் கணக்கில் அது வெறும் 44 புள்ளி. அவற்றை அழித்துவிட்டு இருபக்கமும் உள்ள அலையைப் பார்த்து நடுவை இட்டுநிரப்பும். கீறலுக்கு இது அற்புதமான வைத்தியம். கஞ்சிராவுக்கும் தாளச் சத்தத்துக்கும் தவிலின் வலந்தலைக்கும் அப்படியல்ல. 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலம் வாசித்த நாகஸ்வரம் தென்மாவட்டக் கல்யாண வீடுகளில் ஒலிக்காத நாளில்லை. அதுபோன்ற தட்டை முழுத்தானியங்கியில் விட்டால் தாளம் மழுங்கி வெளியே வரும். பெரிய கீறல்களை மட்டும் கையால் ஒவ்வொன்றாக எடுப்பது அலுப்பான வேலைதான். வேறு வழியில்லை.

எனவே சாஃப்ட்வேர் தொடாத மூலப் பதிவு ஒன்றை அப்படியே, 'உஸ்' சத்தம் உட்பட, தனியே வைத்துவிட வேண்டும். திருத்தமெல்லாம் நகலில்தான். ஒலிக்காப்பகங்களின் உலக நடைமுறையும் இதுவே: பத்தாண்டில் நல்ல சாஃப்ட்வேர் வரும், அதற்குக் கொடுக்க மூலம் கையில் இருக்க வேண்டும். மும்பையில் இயங்கும் இந்திய ரெக்கார்டு சேகரிப்பாளர் சங்கத்தைச் சேர்ந்த சுரேஷ் சாந்த்வங்கர், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டத்தில் 'யங் இந்தியா', 'ஓடியன்' லேபிள் தட்டுகளை டிஜிட்டலாக்கினார். ஓடியன் நமக்கு அந்நியமல்ல, ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் படமெடுக்க வருவதற்கு முன் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் விற்ற தட்டுகள் அவை. அப்படிப்பட்ட திட்டங்கள் பாட்டோடு லேபிளின் படம், தட்டு எண் ஆகியவற்றையும் பதிந்து வைக்கின்றன. வீட்டிலும் அதைச் செய்யலாம். லேபிளை இருபக்கமும் போனில் படமெடுத்து, பள்ளம் முடிந்து லேபிள் தொடங்கும் வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணையும் குறித்து, கோப்போடு சேர்த்து வைத்தால் போதும். பாடகர் பெயரும் படத்தின் பெயரும் மட்டும் இருந்தால் எந்த அச்சு, எந்தப் பதிப்பு என்று பிறகு யாருக்கும் தெரியாது.

தட்டைத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க் சில ஆண்டுகளில் பழுதாகும் சாதனம். நிறுத்தி அடுக்கி, வெயில் படாமல் வைத்த வினைல் 50 ஆண்டு கழித்தும் பாடும் என்பதற்குப் பரணில் இருப்பதே சாட்சி. டிஜிட்டல் பிரதியை இரண்டு டிஸ்க்கில், அவற்றில் ஒன்றை வேறொரு வீட்டில், வைப்பது முறை.

சட்டத்தைப் பொறுத்தவரை, சொந்த உபயோகத்துக்கு நகலெடுப்பதை 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தடுக்கவில்லை. இணையத்தில் ஏற்றுவது வேறு கதை. ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 'கொஞ்சும் சலங்கை' தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2022 முடிவோடு தீர்ந்தது. பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமை தனி. அவர்கள் மறைந்த பிறகு 60 ஆண்டு.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், பிடித்த தட்டிலிருந்து வேண்டாம் என்பேன். 'அன்னக்கிளி'யும் 'திருவிளையாடல்' வசனமும் கம்பெனியின் மாஸ்டரிலிருந்து ஏற்கெனவே டிஜிட்டலாகிவிட்டன. வீட்டுத் தட்டிலிருந்து எடுப்பது அதைவிட நன்றாக வரப்போவதில்லை. மைக்செட் பெட்டியின் அடியில் வேறு சில இருக்கும். தேர்தலுக்கென்று வெளியான கட்சிப் பாட்டு ஈ.பி., வில்லுப்பாட்டு, ஏதோ ஒரு கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ யாரோ பணம் போட்டுச் சில நூறு மட்டும் அடித்த பக்திப் பாட்டு. அவற்றுக்கு மறுபதிப்பு வரவில்லை, மாஸ்டர் டேப் எங்கே என்று கேட்டால் பதில் சொல்லவும் ஆளில்லை. புது முள் மாட்டி, டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலைத் திறந்ததும் முதலில் கழுவ வேண்டியவை அவை. இளையராஜா எல்.பி.க்கள் அடுத்த வாரம்வரை காத்திருக்கும்.